குலுக்கலில் விழுந்த கார்: சாவிக்கு முன்னால் ஏன் 1,95,000 ரூபாய்?

கேள்வி இது: 2025 தீபாவளிக்கு ஜவுளி எடுத்தபோது கடையில் போட்டுவிட்டு வந்த கூப்பனுக்கு அம்மா பெயரில் கார் விழுந்திருக்கிறது. மதிப்பு ரூ.6,50,000 என்கிறார்கள். "வரி 1,95,000 கட்டினால்தான் சாவி தருவோம்" என்கிறது கடை. அம்மாவுக்கு வயது 54, ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. வருமானமே இல்லாதவருக்கு எதற்கு வருமான வரி? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லை. பரிசு பொருளாக இருந்தால், அதற்கான வரி கட்டப்பட்டுவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவு பரிசு கொடுப்பவருக்குக் கட்டளையிடுகிறது. மீறினால் மாட்டுவது அவர்தான். பரிசு விழுந்த 2025இல், மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று 276பி பிரிவில் இருந்தது. ஆகவே கடைக்காரர் பிடிவாதமாக இருப்பதில் தப்பில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் யார் கைக்கு, எந்தச் சலானில் போகிறது என்பதுதான். இன்னொன்றும் உண்டு. அம்மா கட்ட வேண்டிய மொத்த வரி 1,95,000 இல்லை, 2,02,800. அந்த மீதி 7,800ஐ யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் "வருமானமே இல்லையே" என்ற கேள்வி. நான்கு லட்சம் வரை வரி இல்லை, பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட் சமயத்தில் கேட்டதெல்லாம் சம்பளம், வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற வழக்கமான வருமானத்துக்கு. லாட்டரி, குலுக்கல், சீட்டாட்டம், குதிரைப் பந்தயம், டிவி போட்டி ஆகியவற்றில் ஜெயித்ததற்குத் தனியாக 115பிபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் ஸ்லாப் (வருமான அடுக்குக்கு ஏற்ப மாறும் விகிதம்) கிடையாது, அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 31.2 சதவீதம். கூப்பன் வாங்குவதற்காக எடுத்த துணிக்கு இருபதாயிரம் ஆனது என்று செலவுக் கணக்குக் காட்டவும் முடியாது. எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் போன்ற கழிவுகளையும் இந்தத் தொகையில் கழிக்க முடியாது. பழைய முறை, புதிய முறை எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் அம்மாவுக்குக் கணக்கு ஒன்றுதான்: 6,50,000க்கு 30 சதவீதம் 1,95,000, அதன் மேல் செஸ் 7,800.

"கடைக் குலுக்கல் எப்படி லாட்டரி ஆகும்? நாங்கள் டிக்கெட் வாங்கவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. குலுக்கலாலோ அதிர்ஷ்டத்தாலோ வேறு எந்த விதத்திலோ, எந்தத் திட்டத்தின் பெயரிலும் கொடுக்கப்படும் பரிசு லாட்டரியில் அடங்கும் என்று 2001 நிதிச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்துவிட்டார்கள். டிவியிலும் மின்னணு வழியிலும் நடக்கும் போட்டி நிகழ்ச்சிகளும் அதே விளக்கத்தில் வந்துவிட்டன. அதற்கு முன் இருந்த 40 சதவீத விகிதம் 30 ஆனதும் அந்தச் சட்டத்தில்தான்.

இனி கட்டும் விதம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நீங்கள் 1,95,000ஐக் கடைக்குக் கொடுத்து, கடை அதைத் தன் டான் எண்ணில் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) டிடிஎஸ் ஆக, அதாவது கொடுப்பவர் பிடித்துக் கட்டும் வரியாகக் கட்டுவது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து கடையின் நிறுவனக் கணக்குக்கு அனுப்பி, "கூப்பன் எண் இது, கார் பரிசுக்கான 194பி வரித்தொகை" என்று எழுதிய ரசீது வாங்குங்கள். கடை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். நவம்பரில் வாங்கினால் டிசம்பர் 7. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு 26க்யூ என்ற டிடிஎஸ் கணக்கை ஜனவரி 31க்குள் தாக்கல் செய்யும்போது அம்மாவின் பான் எண்ணைப் போட வேண்டும். அதன் பிறகு பதினைந்து நாளில், வரி பிடித்ததற்கான சான்றான ஃபார்ம் 16ஏ தர வேண்டும். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் அவதி உங்களுக்குத்தான். கடைக் கணக்கர் பானில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலோ, பணத்தைக் கட்டிவிட்டு 26க்யூவில் விட்டுவிட்டாலோ, அம்மாவின் 26ஏஎஸ்ஸில் (அவர் பானில் ஏறிய வரியைக் காட்டும் பட்டியல்) அந்த 1,95,000 தெரியாது. ரிட்டர்ன் போட்டதும் "வரி கட்டவில்லை" என்று வட்டியோடு டிமாண்டு வரும்.

இரண்டாவது வழி, அம்மாவே தன் பான் எண்ணில் நேராகக் கட்டிவிட்டு, சலான் நகலைக் கடைக்குக் கொடுப்பது. சட்டம் கேட்பது "வரி கட்டப்பட்டிருக்க வேண்டும்" என்பதைத்தான். கடையின் 26க்யூவில் இப்படிப்பட்ட பரிசைக் காட்ட 94பி-பி என்று தனிக் குறியீடே இருக்கிறது. கடையின் ஆடிட்டர் ஒத்துக்கொண்டால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். பணம் கட்டிய சில நாளில் அம்மாவின் கணக்கிலேயே ஏறிவிடும், யாருடைய தாக்கலுக்காகவும் காத்திருக்க வேண்டாம். வருமான வரி போர்ட்டலில் இ-பே டாக்ஸ், அம்மாவின் பான், மொபைல் ஓடிபி, மதிப்பீட்டு ஆண்டு 2026-27, கட்டண வகை அட்வான்ஸ் டாக்ஸ் (நிதியாண்டு முடிவதற்குள் கட்டும் வரி, குறியீடு 100) என்று போகும். நிதியாண்டு 2025-26 என்பதால் குழம்பி மதிப்பீட்டு ஆண்டையும் 2025-26 என்று போட்டுவிடுவது நிறைய நடக்கிறது. அப்படி நடந்தால் சில நாள்களுக்குள் போர்ட்டலிலேயே சலானைத் திருத்தலாம். விட்டுவிட்டால் அதிகாரிக்கு மனு எழுத வேண்டியிருக்கும். இந்த வழியில் கட்டும்போது 1,95,000 என்று கட்டாமல் 2,02,800 ஆகவே கட்டிவிடுங்கள். செஸ் பாக்கி என்ற பேச்சே இருக்காது.

முதல் வழியில் போனால் 7,800 மிச்சம் நிற்கும். உள்நாட்டில் வசிப்பவருக்கு 194பியில் பிடிப்பது வெறும் 30 சதவீதம். செஸ்ஸும், பெரிய வருமானத்துக்கான கூடுதல் வரியான சர்சார்ஜும் பிடித்தத்தில் வராது. பாக்கி 10,000க்குக் கீழே இருப்பதால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாத வட்டி வராது. ரிட்டர்ன் போடும்போது சுயமதிப்பீட்டு வரியாக (300) கட்டினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, அழுத்தமாகவே சொல்கிறேன். பணப் பரிசுக்கு யாரும் முன்கூட்டி வரி கேட்க மாட்டார்கள். பரிசுப் பணத்திலேயே 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். "25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது, முதலில் வரியை அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது நூற்றுக்கு நூறு மோசடி. முன்பணம் கேட்க நியாயம் இருப்பது பொருள் பரிசுக்கு மட்டும். அப்போதும் பணம் போக வேண்டியது அரசு சலானுக்கோ, டான் எண் உள்ள நிறுவனத்தின் கணக்குக்கோதான். தனியார் ஒருவரின் யுபிஐ எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீங்கள் கூப்பன் போடாத குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழாது.

மதிப்பு விஷயத்துக்கு வருவோம். 6,50,000 என்பது எந்த விலை என்று கேளுங்கள். கடை அந்தக் காரை வாங்கிய பில்லின் நகலை வாங்கிப் பாருங்கள். விளம்பரத்தில் ஆன்ரோடு விலையைப் போட்டுவிட்டு, சாலை வரியையும் இன்ஷூரன்ஸையும் உங்களையே கட்டச் சொல்லும் கடைகள் உண்டு. அந்தச் செலவை நீங்கள் கட்டினால் அது பரிசில் சேராது. எக்ஸ்-ஷோரூம் பில் தொகைக்குத்தான் 30 சதவீதம். ஆர்டிஓ பதிவு, சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஒரு கணிசமான தொகை கையில் வேண்டும். 1,95,000 மட்டும் புரட்டிக்கொண்டு போனால் கார் ஷோரூமிலேயே நிற்கும்.

"வரியையும் நாங்களே கட்டுகிறோம்" என்று சில கடைகள் சொல்லும். நல்லதுதான், ஆனால் அம்மாவுக்காகக் கடை கட்டும் வரியும் அம்மாவுக்குக் கிடைத்த பரிசுதான். 195ஏ பிரிவுப்படி அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 6,50,000 என்பது வரி போக மீந்த 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முழுத்தொகை 9,28,571, அதில் 30 சதவீதம் 2,78,571. கடை கட்ட வேண்டியது இதுதான். 1,95,000 கட்டிவிட்டு முடிந்தது என்றால் கணக்குத் தப்பு. அம்மாவின் ரிட்டர்னில் வருமானம் 9,28,571 என்று வரும், செஸ் பாக்கி 11,143 ஆகும். இது 10,000ஐத் தாண்டுவதால் மார்ச் 31க்குள் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும். வியாபார வருமானம் இல்லாத அறுபது வயதுக்காரராக இருந்திருந்தால் அட்வான்ஸ் டாக்ஸே தேவைப்பட்டிருக்காது. 54 வயதில் அந்தச் சலுகை இல்லை.

வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. பரிசை ஏற்பதற்கு முன்பே எழுத்தில் மறுத்துவிட்டால் வருமானம் இல்லை, வரியும் இல்லை. காருக்குப் பதில் பணமாகக் கேட்டுப் பார்க்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை. காரை எடுத்து உடனே விற்று வரிக்கடனை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ரிட்டர்ன் கட்டாயம் போட வேண்டும், 2026 ஜூலை 31க்குள். ஐடிஆர்-1 ஆகாது, அதில் லாட்டரி வருமானத்துக்கு இடமே இல்லை. ஐடிஆர்-2இல் இதர வருமானப் பட்டியலில், சிறப்பு விகித வருமானம் என்ற பகுதியில் 115பிபி என்ற வரியில் 6,50,000ஐ எழுத வேண்டும். கீழே காலாண்டு வாரியாகப் பிரித்துக் கேட்கும் ஒரு சிறு அட்டவணை இருக்கும். அக்டோபர், நவம்பரில் கிடைத்தது "16/9 முதல் 15/12 வரை" என்ற கட்டத்தில் போகும். இதைக் காலியாக விடுகிறவர்கள் அதிகம். அட்வான்ஸ் டாக்ஸ் வட்டியைக் கணிப்பொறி அந்தக் கட்டங்களை வைத்துத்தான் போடுகிறது. பரிசு எந்தத் தேதியில் விழும் என்று யாருக்கும் முன்னாலேயே தெரியாது என்பதால், விழுந்த பிறகு வரும் தவணைகளில் கட்டினால் முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை என்று சட்டமே சலுகை தருகிறது. தேதியை எழுதாவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ரிட்டர்ன் போட்ட முப்பது நாளுக்குள் இ-வெரிஃபை செய்யவும் மறக்காதீர்கள்.

இனி, இதே கேள்வியை வேறு பரிசுகளோடு கேட்பவர்களுக்காகச் சில.

"10,000 வரை வரி இல்லையாமே" என்பது மிகப் பரவலான தவறு. 10,000 என்பது கொடுப்பவர் வரி பிடிக்க வேண்டிய வரம்பு. வாங்குபவருக்கான விலக்கு அல்ல. 9,000 ரூபாய் ஜெயித்தவருக்குப் பிடித்தம் இருக்காது, ஆனால் அந்த 9,000மும் 30 சதவீத வருமானம்தான். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த 10,000 ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தார்கள். "5,000 வரை விலக்கு" என்று சொல்லும் பெரியவர்கள் 10(3) பிரிவை நினைத்துச் சொல்கிறார்கள். அது எடுக்கப்பட்டு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

சின்னப் பரிசு வென்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 38,000 ரூபாய் டிவி விழுகிறது, 11,400 கட்டி எடுக்கிறார். பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ஜூலை 31க்குள் ஐடிஆர்-2 போட்டால், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி, 12,500 வரை, இந்த வரிக்கும் கிடைக்கும். 11,400 முழுவதும் ரீஃபண்டாக வரும். புதிய முறையில் சிறப்பு விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. போர்ட்டல் தானாகப் புதிய முறையில்தான் திறக்கும், ஆகவே விலகுகிறேன் என்ற இடத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது, 6,50,000 ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 15ஜி, 15எச் படிவம் கொடுத்து 194பி பிடித்தத்தைத் தவிர்க்கலாம் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அவை வங்கி வட்டி போன்றவற்றுக்குத்தான்.

பரிசு பெரிதாக ஆக, பிடித்தத்துக்கும் உண்மை வரிக்கும் உள்ள இடைவெளி விரியும். 10 லட்சத்துக்கு 12,000தான். 75 லட்சம் என்றால் 22,50,000 பிடித்துக்கொண்டு 52,50,000 தருவார்கள். ஆனால் 50 லட்சத்தைத் தாண்டியதால் 10 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து வரி 25,74,000. இன்னும் 3,24,000 பாக்கி. கையில் வந்த பணத்தில் நிலம் வாங்கிவிட்டு, மறு வருடம் நோட்டீஸைப் பார்த்துத் திகைப்பது இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனாலும் கேரளத்துக்குப் போய் அரசு லாட்டரி வாங்குபவர்கள் உண்டு. திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி. அதில் 10 சதவீதம் முகவருக்குப் போய்விடும். மீதி 22.5 கோடியில் 6.75 கோடி பிடித்தம், கணக்கில் ஏறுவது 15.75 கோடி. அதோடு முடிந்தது என்று நினைத்தால், புதிய முறையில் 25 சதவீத சர்சார்ஜ், செஸ் சேர்த்து இன்னும் 2,02,50,000 கட்ட வேண்டும். பழைய முறையில் சர்சார்ஜ் 37 சதவீதம், பாக்கி 2,86,74,000. போர்ட்டலில் ஒரே ஒரு தேர்வு மாறியதில் 84 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். கூட்டாகச் சீட்டு வாங்கியிருந்தால் பணம் கோருவதற்கு முன்பே பங்கு விவரத்தை முத்திரைத்தாளில் எழுதி, எல்லோருடைய பானையும் கொடுத்துவிடுங்கள். ஒருவர் பெயரில் பணம் வாங்கிப் பிறகு பிரித்தால், வரித்துறையின் கண்ணில் முழு வருமானமும் அந்த ஒருவருடையது.

திறமைக்குக் கிடைத்த பரிசு? 1970களில் நடந்த அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில் ஜி.ஆர். கார்த்திகேயனுக்கு 22,000 ரூபாய் பரிசு கிடைத்தது. இது வருமானமே அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பந்தயம் என்ற சொல்லுக்குள் வராவிட்டாலும் இது வருமானம்தான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி, மாரத்தான் எதில் வென்றாலும் வரி உண்டு. விகிதத்தில்தான் வேறுபாடு. சதுரங்கமோ டென்னிஸோ தொழிலாக ஆடுபவருக்கு அது தொழில் வருமானம், செலவு போக ஸ்லாப்படி. எப்போதோ ஒருமுறை போட்டியில் வென்றவர் ஃபார்ம் 16ஏவில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 194பி என்று பிடித்திருந்தால், ஸ்லாப் விகிதம் கேட்டு ரிட்டர்ன் போடும்போது துறை கேள்வி கேட்கும் என்று எதிர்பார்த்து, போட்டி விதிமுறைகளையும் நடுவர் தேர்வு விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிப் பதக்கத்துக்காக மத்திய, மாநில அரசுகள் தரும் பரிசுத்தொகைக்கு 10(17ஏ)யில் முழு விலக்கு உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு நுட்பம். பத்து வயதுப் பிள்ளையின் பெயரில் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்தால், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேரும். அதே பிள்ளை பாட்டுப் போட்டியில் பாடி ஜெயித்தால் அது பிள்ளையின் சொந்தத் திறமை. பிள்ளைக்கே பான் எடுத்து, பெற்றோர் காப்பாளராக இருந்து தனி ரிட்டர்ன் போட வேண்டும்.

சீட்டு எடுப்பதை இதோடு குழப்ப வேண்டாம். ஏலச்சீட்டில் எடுக்கும் தொகை உங்கள் சொந்தச் சேமிப்பும் மற்றவர்களிடம் வாங்கிய கடனும் கலந்தது, லாட்டரி அல்ல. கம்பெனி இலக்கை முடித்ததற்காக டீலருக்குத் தரும் ஏசி, சுற்றுலா எல்லாம் 194ஆர், 20,000க்கு மேல் 10 சதவீதப் பிடித்தம், வியாபார வருமானம்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். அதன் பிறகு விழும் பரிசுகளுக்குப் பிரிவு எண்கள் மாறும், 30 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. அம்மாவின் கார் 2025-26 நிதியாண்டில் வந்தது என்பதால், அவருடைய ரிட்டர்ன் 1961 சட்டத்தின் பழைய எண்களிலேயே போகும்.